எது நாட்டுத் தக்காளி?

நாட்டுத் தக்காளி என்பது மெல்லிய தோலும் மிகுந்த சாறும் தூக்கலான புளிப்பும் உடைய தக்காளிக்குத் தமிழ்நாட்டுச் சந்தைகளில் வழங்கும் பெயர். தட்டையான உருண்டை வடிவம், காம்பைச் சுற்றி மடிப்புகள், பழுக்கும்போதும் காம்புப் பக்கத்தில் தங்கும் பச்சை நிறம், விதை நிறைந்த அறைகள் ஆகியவை இதன் அடையாளங்கள். கூடையில் இரண்டு நாள் கிடந்தால் அடியில் இருப்பவை நசுங்கிவிடும். இதற்கு மறுபுறம் நிற்பது தடித்த தோலும் கெட்டிச் சதையும் கொண்ட கலப்பினத் தக்காளி. அதை ஆப்பிள் தக்காளி என்றும் பெங்களூர்த் தக்காளி என்றும் சொல்வார்கள். கோயம்பேடு சந்தையின் விலைப்பட்டியலில் அது ‘நவீன் தக்காளி’. ஒரு கலப்பின ரகத்தின் விற்பனைப் பெயரே அந்த வகைக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது.

தக்காளிச் செடி தோன்றியது தென்னமெரிக்காவில். அது இந்தியாவுக்கு வந்து ஐந்நூறு ஆண்டுகூட ஆகவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு பயிர் எந்தப் பொருளில் ‘நாட்டு’ எனப்படுகிறது? மேலோட்டமாகப் பார்த்தால் இது சொல்லாராய்ச்சிக் கேள்வி. ஆனால் கோயில் மடைப்பள்ளியில் எது ஏறலாம், திவசத்தில் எதைச் சமைக்கலாம், விதை யாருக்குச் சொந்தம் என்பவையும் இதே கேள்வியின் கிளைகள். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள சாலவாக்கம் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் தக்காளிச் சாகுபடி மாறிவந்த விதம் இக்கேள்வியைத் தெளிவாகக் காட்டுகிறது.

பெயர் மாறிய மூன்று கட்டங்கள்

தக்காளி என்ற தமிழ்ச்சொல் இன்றைய தக்காளிப் பழத்துக்கு முந்தியது. வயல் வரப்பிலும் தரிசிலும் தானே முளைக்கும் சொடக்குத் தக்காளி, கீரைக்கும் வற்றலுக்கும் பயன்படும் மணத்தக்காளி ஆகிய செடிகளுக்கே அது முதலில் உரியது. சொடக்குத் தக்காளியின் காய் காற்றடைத்த பை போன்ற உறைக்குள் இருக்கும். அந்த உறையைச் சிறுவர்கள் நெற்றியில் அடித்துச் சொடக்கென்று உடைப்பார்கள். கடல் கடந்து வந்த சிவந்த பழத்தை இந்தச் செடிகளின் உறவாகக் கண்டு, அதற்குச் சீமைத்தக்காளி என்று பெயரிட்டார்கள். தாவரவியலும் இம்மூன்றையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது. ஆகவே பெயர் வைத்தவர்களின் கண் தவறவில்லை. வங்காளத்தில் இதே பழத்துக்குச் சீமைக் கத்தரிக்காய் என்று பொருள்படும் பெயர் அமைந்தது. கத்தரியும் அதே குடும்பம்தான்.

இரண்டாம் கட்டத்தில் ‘சீமை’ உதிர்ந்தது. பழம் அன்றாடச் சமையலில் கலந்தபின் அடைமொழி தேவைப்படவில்லை. தக்காளி என்றாலே சிவந்த பழம் என்றாயிற்று. பழைய செடிகள்தான் ‘மண’, ‘சொடக்கு’ என்ற முன்னொட்டுகளைச் சுமந்து தங்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. விருந்தாளி வீட்டுப்பெயரை எடுத்துக்கொள்ள, வீட்டுக்காரர் பட்டப்பெயரோடு நின்றார்.

மூன்றாம் கட்டத்தில் கலப்பின ரகங்கள் வந்தன. அவற்றிலிருந்து பிரித்துக் காட்டவே பழைய தக்காளி ‘நாட்டு’ என்ற அடைமொழியைப் பெற்றது. பண்ணைக்கோழி வரும்வரை நாட்டுக்கோழி வெறும் கோழிதான்; ஆலைச் சர்க்கரை பரவும்வரை நாட்டுச்சர்க்கரையும் வெறும் சர்க்கரைதான். இவ்வழக்கில் ‘நாட்டு’ என்பது பிறப்பிடத்தைச் சொல்லும் சொல் அன்று. புதிது வந்தபின் பழையதற்குக் கிடைக்கும் பெயர் அது.

பழம் வந்த வழி

தக்காளியின் காட்டு மூதாதைகள் பெரு, ஈக்வடார் நாடுகளின் ஆண்டிஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தவை. அங்கே பழங்கள் சிறு மணி அளவுதான். அவை பெரிய பழமாக வளர்த்தெடுக்கப்பட்டது மெக்சிகோவில். அங்கு வழங்கிய நகுவாத் மொழியின் ‘தொமாத்ல்’ என்ற சொல்லே ‘டொமேட்டோ’ ஆயிற்று. 1521இல் அஸ்தெக் தலைநகரை ஸ்பானியர் கைப்பற்றியபின் விதை ஐரோப்பா சேர்ந்தது. 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தம் நூலில் இப்பழத்தைக் குறிப்பிடுகிறார். நச்சுச் செடிகள் பல உள்ள குடும்பம் என்பதால் ஐரோப்பியர் பலர் இதை உண்ணவே நெடுநாள் அஞ்சினர். 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த போர்த்துக்கீசியர் தொடங்கிய கடல்வழித் தொடர்பினால் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் பலவும் இந்தியக் கரையை அடைந்தன. மிளகாய், முந்திரி, கொய்யா, பப்பாளி, பறங்கி, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை எல்லாம் அந்த வரிசையில் வந்தவையே. தக்காளி பெருமளவில் பரவியது பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில்.

இந்தப் பயணத்தில் செடியின் இயல்பும் மாறியது. காட்டுத் தக்காளிகள் பலவற்றில் சூல்தண்டு மகரந்தக் கூம்புக்கு வெளியே நீண்டிருக்கும். தேனீ கொண்டுவரும் அயல் மகரந்தத்தை அது ஏற்கும். பயிரிடப்படும் தக்காளியில் சூல்தண்டு கூம்புக்குள்ளேயே அடங்கியிருப்பதால் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. தாய்மண்ணின் பூச்சிகள் இல்லாத இடத்திலும் அது காய்க்க முடிந்தது இதனால்தான். ஒரே ஒரு பழத்திலிருந்து எடுத்த விதையும் தாயைப்போலவே பிள்ளையைத் தரும். உழவர் கையில் விதை நிற்க வழிசெய்தது இந்தப் பண்பே.

ஏரிக்கரை ஊரும் தோட்டமும்

சாலவாக்கம் வட்டாரத்தின் முதற்பயிர் நெல். உத்திரமேரூர்ப் பகுதியின் வேளாண்மை ஏரிகளைச் சுற்றி அமைந்தது. உத்திரமேரூர்ப் பெரிய ஏரி பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்ற பெயரில் வருகிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையால் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்வதால் அவை புகழ்பெற்றன. அங்கே ஆண்டு வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றோடு தோட்ட வாரியம் என்று தனியாக ஒரு குழு இருந்தது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். கழனிக்கு இணையாகத் தோட்டமும் ஊர்ப்பொறுப்பாக இருந்த காலம் அது. அந்தப் பன்னிரண்டு பேரில் எவரும் தக்காளியைக் கண்டதில்லை.

பின்னாளில் வந்த தக்காளி இவ்வகை ஊர்களில் நஞ்சைக்கு வெளியேதான் இடம் பிடித்தது. கிணற்றுநீர் பாயும் கொல்லை, வீட்டுப் புழக்கடை, கத்தரி மிளகாய்ப் பாத்திகளின் ஓரம் ஆகியவை அதற்குரிய இடங்கள். இரவு வெப்பம் மிகுந்தால் தக்காளியின் பூ பிஞ்சாகாமல் உதிரும். ஆகவே வடமாவட்டச் சமவெளியில் மழைக்காலம் ஓய்ந்து கோடை முற்றும்வரை உள்ள மாதங்களே அதற்கு இசைந்தவை. விதை எடுப்பது வீட்டு வேலை, பெரும்பாலும் பெண்களின் வேலை. நன்றாகக் காய்த்த செடியில் நன்கு திரண்ட பழத்தைச் செடியிலேயே கனியவிட்டு, பிழிந்து, ஓரிரவு புளிக்க வைப்பார்கள். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பு நீங்கியதும் அலசி, சாம்பலில் பிசறி நிழலில் உலர்த்துவார்கள். எந்தச் செடியின் பழம் விதைக்கு நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதே தேர்வு. ஆண்டுதோறும் நடந்த இந்தத் தேர்வில், அந்த மண்ணின் வெயிலையும் உப்புநீரையும் தாங்கிய செடிகளே அடுத்த ஆண்டுக்குப் போயின.

சாகுபடி மாறிய விதம்

மாற்றம் இரண்டு படிகளில் வந்தது. முதற்படி, ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட தேர்வு ரகங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, மருதம் எனப்படும் கோ 3, பையூர் 1, பிகேஎம் 1 ஆகியவற்றை வெளியிட்டது. இவற்றில் பிகேஎம் 1 தனிக் கவனத்துக்கு உரியது. தேனிப் பகுதியின் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் சடுதிமாற்றத்தைத் தூண்டிப் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட ரகம் அது. தட்டை உருண்டைப் பழம், பச்சைத் தோள், எக்டருக்கு 30 முதல் 35 டன் விளைச்சல், 135 நாள் வயது. இன்று சந்தையில் நாட்டுத் தக்காளி என்ற பெயரில் விற்பவற்றுள் இதுவும் ஒன்று. அதாவது ‘நாட்டு’ என்று மக்கள் தேடி வாங்கும் பழம், ஊர் ரகம் ஒன்றின் மரபில் ஆய்வுக்கூடம் கைவைத்து உண்டாக்கியது. ஆனால் அது கலப்பினம் அன்று. அதன் விதையை எடுத்து விதைத்தால் அதே ரகம் வரும்.

இரண்டாம் படி, கலப்பினம். இரண்டு தனித்தனித் தூய வரிசைகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதை அது. பூ மலரும் முன் மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, வேறொரு வரிசையின் மகரந்தத்தைத் தடவி இவ்விதை தயாராகிறது. 1973இல் பெங்களூரு நிறுவனம் ஒன்று ‘கர்நாடகா’ என்ற கலப்பினத் தக்காளியை வெளியிட்டதிலிருந்து இந்தியாவில் இவ்வகை விதைகள் பெருகின. பின்னர் கோயம்புத்தூரிலிருந்து கோ கலப்பினங்களும், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மூன்று நோய்களைத் தாங்கும் ‘அர்க்கா ரக்‌ஷக்’கும் வந்தன. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் ஒரு வயலையே காயின்றி ஆக்கிவிடும். அதைத் தாங்கும் கலப்பினம் உழவருக்கு ஆடம்பரம் அன்று, காப்பு.

விதையோடு சாகுபடி முறையும் மாறியது. மேட்டுப்பாத்தி நாற்றங்காலின் இடத்தில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டு நாற்று வந்தது. வாய்க்கால் பாசனத்தின் இடத்தில் சொட்டுநீர் வந்தது. பாத்தியின்மேல் நெகிழி நிலப்போர்வை வந்தது. தரையில் படர்ந்த செடி குச்சியிலும் கம்பியிலும் ஏறியது. படியில் அளந்த விதை கிராமில் விற்கப்படுகிறது. சந்தைத் தொலைவும் ஒரு காரணம். சென்னைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி ஆந்திரத்து மதனப்பள்ளி, கர்நாடகத்துக் கோலார் பக்கங்களிலிருந்து வருகிறது. இரவெல்லாம் லாரியில் குலுங்கி வரும் பழத்துக்குத் தடித்த தோல் வேண்டும். அந்தத் தோலுக்குப் பழகிய சந்தையில் நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள ஊரின் மெல்லிய பழமும் அதே கூடையில், அதே கையாளுதலில் போட்டியிட வேண்டியிருக்கிறது.

தொலைந்ததில் ஒன்று யாரும் திட்டமிட்டுத் தொலைத்ததன்று. பழம் முழுதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று வளர்ப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பச்சைத் தோள் இல்லாத செடிகளைத் தேர்ந்தெடுத்தனர். 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, அந்தப் பச்சைத் தோளுக்குக் காரணமான மரபணு பழத்துக்குள்ளேயே ஒளிச்சேர்க்கையைத் தூண்டிச் சர்க்கரையைக் கூட்டுவது என்று காட்டியது. அழகுக்காக நீக்கியதோடு சுவையின் ஒரு பங்கும் போயிற்று. நாட்டுத் தக்காளியின் பச்சைத் தோளை அரைகுறையாகப் பழுத்தது என்று ஒதுக்கும் கண் இழப்பது இதைத்தான்.

மடைப்பள்ளியும் திவசமும்

பழைய வைதிக, ஆகம வழக்குகளைக் கைக்கொள்ளும் கோயில்களின் மடைப்பள்ளியில் தக்காளி ஏறுவதில்லை. புரி ஜகந்நாதர் கோயிலின் மகாபிரசாதத்தில் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் இடமில்லை. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் காரம் தருவன மிளகும் சுக்கும், மிளகாய் இல்லை. திவசச் சமையலில் இந்த விலக்கு இன்னும் கடுமையானது. வாழைக்காய், பாகல், அவரை, சேனை, சேப்பங்கிழங்கு, பிரண்டை இருக்கும். தக்காளி, உருளை, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் இருக்காது. விலக்குக்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம், இவை சீமைக் காய்கள் என்பது.

அந்தக் காரணம் முழுதாக நிற்பதில்லை. கோயில் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி மிதக்கிறது. முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. பறங்கிக்காயின் பெயரிலேயே பறங்கியர் இருக்கிறார்கள். அதன் மஞ்சள் பூ மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணப்பிள்ளையாரின் மேல் அமர்கிறது. அதன் காய், சர்க்கரைவள்ளியோடு சேர்ந்து, தைப்பொங்கலன்று சூரியனுக்குப் படைக்கப்படுகிறது. தக்காளியை விலக்கிய சமையலில் புளிப்பு தரும் புளியும் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரம். அது மிகப் பழங்காலத்திலேயே வந்துவிட்டதால் அரபியர் அதை ‘இந்தியப் பேரீச்சை’ என்றழைத்தனர். தாவரவியல் பெயரிலும் அது ‘இண்டிகா’. மறுபுறம், இம்மண்ணிலேயே பிறந்த முருங்கையும் பல குடும்பங்களின் திவசச் சமையலில் விலக்கு. ஆக, அயல் பிறப்பு விலக்குக்குப் போதுமான காரணமும் இல்லை, தேவையான காரணமும் இல்லை.

சமய நூல்கள் உணவை எடைபோடும் அளவுகோல் வேறு. சாந்தோக்கிய உபநிடதம் உணவுத் தூய்மையை உள்ளத் தூய்மையின் வாயிலாக வைக்கிறது. இளமையில் காஞ்சியில் பயின்ற இராமாநுசர், உணவுக்கு நேரும் குற்றங்கள் மூன்று என்ற மரபைத் தம் ஸ்ரீபாஷ்யத்தில் எடுத்தாள்கிறார். முதலாவது சாதிக் குற்றம், பொருளின் வகையாலேயே வருவது. இரண்டாவது ஆசிரயக் குற்றம், அதை வைத்திருப்பவரால் வருவது. மூன்றாவது நிமித்தக் குற்றம், பிறகு கலந்த அழுக்கால் வருவது. 1268இல் காஞ்சியின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், கொள்ளத் தக்கனவும் தள்ளத் தக்கனவுமான உணவுகளை ‘ஆகார நியமம்’ என்ற தமிழ்ப் பாடல் நூலாகவே தொகுத்தார்.

இம்மூன்று அளவுகோல்களில் தக்காளியை வைத்துப் பார்த்தால் நிலைமை சுவையானது. சாதிக் குற்றம் சொல்ல, நூல்களில் அதன் பெயர் இருக்க வேண்டும். தேசிகர் காலத்தில் தக்காளி இங்கே இல்லை. ஆகவே அது தள்ளுபடிப் பட்டியலிலும் இல்லை, கொள்பட்டியலிலும் இல்லை. நூல் மௌனமாக இருக்கும் இடத்தில் முன்னோர் வழக்கே பிரமாணம் என்பது சிஷ்டாசாரக் கொள்கை. முன்னோர் சமைக்காததைச் சமைக்காமல் இருப்பது இதன் வழி. இரண்டாம், மூன்றாம் குற்றங்களோ ரகத்தைப் பாராமல் கையைப் பார்க்கின்றன. விளைவித்தவர் எப்படி விளைவித்தார், பழத்தின்மேல் என்ன படிந்தது என்பவை அவற்றின் கேள்விகள். காய்ப்புழுவுக்குத் தெளித்த மருந்து காயாத பழத்தை நிமித்தக் குற்றத்தில் சேர்க்க நூலின் சொல் தடையாக இருக்காது. அந்தக் கணக்கில் பூச்சிமருந்தில் நனைந்த நாட்டு ரகத்தைவிட மருந்தில்லாமல் விளைந்த கலப்பினம் தூயது.

திவச விலக்குக்கு இன்னொரு விளக்கமும் பொருந்தும். திவசம் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையைப் பெயர்சொல்லி அழைத்து உணவிடும் சடங்கு. அழைக்கப்படுபவர் அறிந்த உணவை இடுவதே விருந்தோம்பல் முறை. இவ்விலக்கு நிலவியலால் ஆனதன்று, நினைவால் ஆனது. அப்படியானால் அதற்கு ஒரு கால எல்லையும் உண்டு. இன்று பிண்டம் பெறும் பூட்டன்மார் பலர் தக்காளி ரசம் குடித்தவர்களே. தர்க்கப்படி அவர்களுக்குத் தக்காளி அயல் உணவு அன்று. சடங்கு அதை ஏற்காமல் இருப்பது, சடங்கின் நினைவு மனிதர்களின் நினைவைவிட மெதுவாக நகர்வதைக் காட்டுகிறது. அந்த மெதுவும் பயனற்றதன்று. பிரண்டை, சேப்பங்கிழங்கு, பாகல் முதலியவற்றைக் கொல்லையில் தங்கவைத்ததில் ஆண்டுக்கொரு முறை வரும் அந்தச் சமையலுக்கும் பங்குண்டு.

வித்தும் முளையும்

ஒரு பயிர் மாறிக்கொண்டே வந்தும் அதே பயிர் என்று எப்படிச் சொல்லப்படுகிறது என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு. அதற்கு எல்லாத் தரப்பினரும் எடுத்த எடுத்துக்காட்டு விதைதான்.

சாங்கியமும் சைவ சித்தாந்தமும் சற்காரியவாதம் பேசுவன. காரியம் காரணத்துக்குள் முன்பே உள்ளது, ஆலம்விதைக்குள் ஆல் சூக்குமமாக இருக்கிறது, இல்லாதது தோன்றாது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்துத்தந்த நெறியில் இது அடிப்படை. நியாய வைசேடிகர் இதை மறுத்தனர். முளை விதையில் இருந்ததில்லை. அது புதிதாகத் தொடங்குவது என்பது அவர்கள் வாதம். பௌத்தர் இருசாராரையும் விட்டு விலகினர். விதை, முளை, செடி, பழம் என்பன கணந்தோறும் மாறும் ஓர் ஓட்டம். முன்னதும் பின்னதும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. அந்தத் தொடர்ச்சிக்குச் சந்தானம் என்று பெயர். இவ்வாதம் தமிழுக்கும் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் கதைத்தலைவி அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்கும் ஊர் காஞ்சி. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரின் கணபங்கவாதத்தை எடுத்துவைத்து மறுக்கிறார். நெற்றாளின் பெயரால் அமைந்த பௌத்த நூலான சாலிஸ்தம்ப சூத்திரம், முளைக்குத் துணையாக நிலம், நீர், வெப்பம், காற்று, வெளி, பருவம் என்ற ஆறையும் சொல்கிறது.

கலப்பின விதை இவ்வாதங்களுக்கு உயிர் தருகிறது. கலப்பினப் பழத்தின் விதையை விதைத்தால் அடுத்த தலைமுறைச் செடிகள் பலவிதமாகச் சிதறும். முதல் தலைமுறையில் காணாமல் போயிருந்த பாட்டன் பண்புகள் சிலவற்றில் மறுபடி தலைகாட்டும். மறைந்திருந்ததே வெளிப்பட்டது என்று சற்காரியவாதி சொல்லலாம். பாட்டன் பாட்டி இருவரிடமும் இல்லாத சேர்க்கையும் அவற்றிடையே வரும். அது புதுத் தொடக்கம் என்று நியாயவாதி சொல்லலாம். ஆனால் உழவரின் விதை சேமிப்புக்கு மிக நெருங்கிவருவது சந்தானக் கருத்து. புழக்கடையில் விதை எடுத்துவந்த தக்காளியில் இவ்வாண்டுச் செடியும் முப்பது ஆண்டுக்கு முந்திய செடியும் ஒன்றல்ல. வெயில், நோய், தேர்ந்தெடுத்த கை ஆகியவை இடையில் அதைத் திருத்தியிருக்கின்றன. இரண்டும் வேறும் அல்ல, இழை அறவில்லை. சூத்திரத்தின் ஆறு துணைகளில் தேர்ந்தெடுக்கும் கை இல்லை. பயிரைப் பொறுத்தவரை ஏழாவதாக அதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. காட்டுச்செடியின் ஓட்டம் அதுவின்றி நடக்கும், பயிரின் ஓட்டம் நடக்காது.

மாம்பழக் கள்வனின் வாதம்

விதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் அதே மரபில் ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. பாலிமொழி நூலான மிலிந்த பன்ஹாவில் மினாந்தர் மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொல்வது அது. ஒருவன் மாந்தோப்பில் மாங்கனி திருடுகிறான். பிடிபட்டதும் அவன் சொல்கிறான்: தோப்புக்காரர் நட்டது மாங்கொட்டை, நான் எடுத்தது மாங்கனி, அவர் நட்டதை நான் எடுக்கவில்லை. அவன் குற்றவாளியே என்பது இருவரின் முடிவு. கனி கொட்டையைச் சார்ந்து பிறந்தது, சார்புள்ளவரை உரிமையும் தொடரும்.

இந்த முடிவை விதைச் சந்தைக்குள் கொண்டுவந்தால் அது இருபுறமும் வெட்டும். ரகத்தை உருவாக்கிய நிறுவனம், தன் விதையின் வழியில் வரும் ஒவ்வொரு தலைமுறையும் தனக்குரியது என்று அதே சார்பு வாதத்தைச் சொல்லலாம். அந்த நிறுவனம் பயன்படுத்திய தாய் வரிசையோ ஏதோ ஓர் ஊரின் புழக்கடைத் தேர்வுகளைச் சார்ந்து பிறந்தது. அந்தச் சார்பு மெக்சிகோவின் தோட்டங்கள்வரை நீளும். சார்பு மட்டுமே உரிமை என்றால் அது எங்கும் நிற்காது.

இந்தியச் சட்டம் இதற்கு ஓர் இடைவழி கண்டது. 2001இல் இயற்றப்பட்ட பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் ரகத்தை உருவாக்கியவருக்கு உரிமை தருகிறது. கூடவே, 39ஆம் பிரிவில், உழவர் தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பகிரவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப்பெயரிட்ட விதையாக விற்பது மட்டும் விலக்கு. உழவர் ரகம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் இங்கே குறிப்பிடத்தக்கது: உழவர்கள் தம் வயல்களில் வழிவழியாகப் பயிரிட்டு வளர்த்தெடுத்தது. அந்தப் பயிர் எந்தக் கண்டத்தில் தோன்றியது என்று சட்டம் கேட்கவில்லை. கலப்பினத்தில் சட்டம் தரும் உரிமையை உயிரியல் பாதியில் நிறுத்துகிறது. விதையைச் சேமிக்கத் தடையில்லை. சேமித்த விதை அதே செடியைத் தருவதில்லை. பூட்டு சட்டத்தில் இல்லை, பூவில் இருக்கிறது.

எது நாட்டு?

மேற்கண்டவற்றைத் தொகுத்தால் ‘நாட்டு’ என்பதற்கு நான்கு அளவுகோல்கள் தேறும். பிறப்பிடம் முதலாவது. அதன்படி தக்காளியோடு மிளகாயும் புளியும் முந்திரியும் வெளியே போகும். சமையலறையில் சிலவே மிஞ்சும். தொன்மை இரண்டாவது. எத்தனை நூற்றாண்டு என்று கோடு போடுவதற்கு அதில் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. தோற்றமும் சுவையும் மூன்றாவது. மெல்லிய தோலும் புளிப்பும் சந்தை அடையாளமாகப் பயன்படும். ஆனால் அதே தோற்றத்தை ஆய்வுக்கூடமும் உண்டாக்க முடியும் என்பதற்குப் பிகேஎம் 1 சான்று. விதைத் தொடர்ச்சி நான்காவது. ஓரூரின் மண்ணில் விளைந்து, அங்கேயே தேர்ந்து, அங்கேயே மறுபடி விதைக்கப்படும் பயிர் அந்த ஊருக்குரியது. சட்டத்தின் விளக்கமும் சந்தானக் கருத்தும் பொருந்துவது இந்த நான்காவதோடுதான்.

இந்த அளவுகோலுக்கு இரண்டு விளைவுகள் உண்டு. முதல் விளைவு கசப்பானது. ஒவ்வொரு பருவமும் கடையில் விதை வாங்கியோ நர்சரியில் குழித்தட்டு நாற்று வாங்கியோ நடப்படும் பிகேஎம் 1 தோற்றத்தில் நாட்டு, தொடர்ச்சியில் அன்று. சந்தையில் அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பு, விதை எடுக்கும் வேலை நின்றுபோன பின்னும் பெயரை மட்டும் வாழவைக்கிறது. நெல்லின் பாரம்பரிய ரகங்களைத் தேடிப் பரப்ப நெல் ஜெயராமன் போன்றோரின் முயற்சியால் இயக்கங்கள் எழுந்தன. தக்காளிக்கு அந்த அளவு எதுவும் நடக்கவில்லை. வெளிநாட்டுப் பழம் என்ற நினைப்பே அதன் ஊர் ரகங்களைப் பாரம்பரியக் கணக்கில் சேர்க்காமல் விடக் காரணமாகும். பிறப்பிட அளவுகோல் செய்யும் கேடு இது.

இரண்டாம் விளைவு எதிர்த்திசையில் செல்கிறது. தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், கலப்பினப் பழத்தின் விதையிலிருந்து தொடங்கித் தலைமுறைதோறும் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துப்போனால் கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். ஏழு முறை அப்படிச் செய்தால் எஞ்சுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செடி நிலையான வரிசையாகிவிடும். தேர்ந்தெடுத்த மண்ணின் வெயிலும் நீரும் அதற்குள் அதில் பதிந்திருக்கும். அதாவது இன்றைய நவீன் தக்காளியும், விதை எடுக்கும் கை ஒன்று கிடைத்தால், ஏழு விதைப்பில் நாட்டுத் தக்காளியாகும். தர்மசாத்திரங்கள் தந்தைவழி உறவில் பிண்டத் தொடர்பு ஏழு தலைமுறைவரை நீளும் என்கின்றன. இரண்டு ஏழும் ஒத்துப்போவது தற்செயல்தான். உறவு என்பது பிறந்த இடத்தால் வருவதில்லை, தலைமுறைதோறும் பேணினால் வருவது என்ற கருத்து இரண்டுக்கும் பொது.